வேலையைப் பகிர்ந்தோம், ஆள்தேவை குறைந்ததா?

தென்மாவட்டம் ஒன்றின் மானாவாரிப் பகுதியில், பருத்தியும் மிளகாயும் விளையும் கிராமங்களுக்கு நடுவே அமைந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் எங்கள் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அதுவரை மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் நிலையத்துக்குள் உட்கார்ந்து செய்துவந்த வேலையின் பெரும்பகுதி, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்களின் கைக்குப் போனது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அங்கேயே அளந்து எழுதிக்கொள்வதும் அவர்களுடைய பணியாயின. இந்தத் திட்டத்தின் நிறைகுறைகளை எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போது எத்தனை ஆட்கள் தேவை என்ற கணக்கு எப்படியெல்லாம் மாறுகிறது என்பதை, அந்த மாற்றத்துக்குள் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

மேலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மிக எளிதாகத் தோன்றுகிறது. செவிலியர் செய்த வேலையைத் தன்னார்வலர் செய்கிறார். ஆகவே செவிலியரின் நேரம் மிச்சம். ஆகவே காலியாக இருக்கும் பணியிடத்தை உடனே நிரப்ப வேண்டிய அவசரமில்லை. ஆய்வுக் கூட்டங்களில் இந்த வாதத்தைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். இதில் முதல் வாக்கியம் மட்டுமே சரி. அடுத்த இரண்டும் நேரத்தை அளந்து பார்க்காமல் சொல்லப்படுபவை.

பணிப்பகிர்வு நமக்குப் புதியதும் அன்று. பிரசவம் பார்ப்பது கிராம சுகாதார செவிலியரின் பொறுப்பாக, வீட்டிலோ துணை சுகாதார நிலையத்திலோ நடந்துவந்த காலம் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைப்பணியில் அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு 2000-களில் பரவலானபோது, அந்தப் பொறுப்பு கிராம சுகாதார செவிலியரிடமிருந்து நிலையத்துச் செவிலியருக்கு மாறியது. அதனால் கிராம சுகாதார செவிலியரின் வேலை குறைந்ததா? கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலேயே பதிவு செய்வது, தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கான விவரங்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கண்காணிக்கும் 'பிக்மி' இணையப் பதிவு என்று, விடுபட்ட நேரத்தைவிடக் கூடுதலான வேலை அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவுகோல் மட்டும் அப்படியே நின்றது. மக்கள்தொகையை வைத்துப் பணியிடத்தை நிர்ணயிக்கும்போது, அந்த மக்களுக்காக என்னென்ன வேலை செய்யப்படுகிறது என்ற மாற்றம் கணக்கில் ஏறுவதே இல்லை.

உலக அளவில் இதைவிடத் துணிச்சலான பகிர்வுகள் நடந்திருக்கின்றன. 1975-இல் விடுதலை பெற்றபின் மருத்துவர்களில் பெரும்பாலோரை இழந்த மொசாம்பிக், 1984 முதல் மருத்துவரல்லாத பணியாளர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி அளித்தது. பின்னாளில் அந்நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன்களில் பெரும்பகுதியை அவர்களே செய்தார்கள். எச்ஐவி சிகிச்சைக்கு ஆள் போதாத நாடுகளை மனத்தில் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் பணிப்பகிர்வுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதிலுள்ள 22 பரிந்துரைகளில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமானதாகத் தோன்றுகிறது: இன்றியமையாத சுகாதாரச் சேவைகளைத் தன்னார்வ உழைப்பின்மேல் நிலையாக நடத்த முடியாது, பயிற்சி பெற்று அப்பணியைச் செய்பவர்களுக்கு அதற்கேற்ற ஊதியமோ ஊக்கத்தொகையோ தரப்பட வேண்டும் என்பது அது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி எங்கள் நிலையத்து நிலைமை. முன்பெல்லாம் மாதந்தோறும் மாத்திரை வாங்க நோயாளிகளே வருவார்கள். காலைப் பேருந்தை விட்டால் அடுத்தது உச்சிவெயிலில்தான் என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குவிவார்கள். செவிலியர் அழுத்தம் பார்ப்பார், நான் அட்டையில் 'அதே மருந்து' என்று எழுதுவேன், மருந்தாளுநர் எடுத்துக் கொடுப்பார். ஒருவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது சில நிமிடங்கள்தான். பாதம் பார்க்க நேரமில்லை. சிறுநீரகப் பரிசோதனை செய்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்க நேரமில்லை. தீப்பெட்டி ஆலைக்கோ நூறுநாள் வேலைக்கோ போகும் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். விட முடியாதவர்கள் வராமல் நின்றார்கள்.

திட்டம் வந்தபின் நேரம் எங்கே போனது, எங்கே கூடியது என்பதை ஒரு மாதிரிக் கணக்காகச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. தங்கள் நிலையத்துக்குப் பயன்படுத்த விரும்புவோர் தங்கள் எண்களை இட்டுப் பார்க்கலாம். 5,000 பேர் கொண்ட ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் 300 பேர் பிரஷர், சுகர் மாத்திரை வாங்குகிறார்கள் என்று கொள்வோம். எல்லாரும் மாதம் ஒருமுறை நிலையத்துக்கு வருகிறார்கள். தலைக்குச் செவிலியருக்கு 4 நிமிடம், மருத்துவருக்கு 3 நிமிடம், மருந்தாளுநருக்கு 2 நிமிடம். மாதக் கணக்கில் செவிலியருக்கு 20 மணி நேரம், மருத்துவருக்கு 15, மருந்தாளுநருக்கு 10, ஆக மொத்தம் 45 மணி நேரம்.

இப்போது தன்னார்வலர் வீடு வீடாகப் போகிறார். போகிற வழியில் இதுவரை எவரும் அளந்து பார்க்காதவர்களையும் அளக்கிறார். புதிதாக 60 பேர் சிகிச்சைக்குள் வருகிறார்கள், ஆக 360. நடைநேரத்தையும் சேர்த்து ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம் என்றாலும் தன்னார்வலருக்கு 90 மணி நேரம் ஆகிறது. மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று வைத்தால், மாதம் 120 பேர் வருவார்கள். ஆனால் இவர்களுக்கு 'அதே மருந்து' என்று எழுதி அனுப்ப முடியாது. மூன்று மாத அளவீடுகளைப் பார்த்து, மருந்தை மாற்றுவதா என்று யோசித்து, பாதத்தைச் சோதித்து அனுப்ப 8 நிமிடமாவது வேண்டும். அது 16 மணி நேரம். அதே 120 பேருக்கு எடை, அழுத்தம், இரத்தம் எடுத்தல் என்று செவிலியருக்குத் தலா 6 நிமிடம் என்றால் 12 மணி நேரம். மருந்தாளுநர் 360 பேருக்கும் பெயர் எழுதித் தனித்தனிப் பையில் கட்ட வேண்டும். தலா 4 நிமிடம் என்றால் 24 மணி நேரம். தன்னார்வலரை மேற்பார்வையிடவும், பதிவேட்டைச் சரிபார்க்கவும், அனுப்பப்பட்டவர் உண்மையில் மருத்துவமனைக்குப் போனாரா என்று தேடிப்போகவும் இடைநிலை சுகாதாரப் பணியாளருக்கு (துணை சுகாதார நிலையத்தில் அமர்த்தப்படும், செவிலியர் பயிற்சி பெற்றவர்) இன்னொரு 24 மணி நேரம் ஆகலாம். மொத்தம் 166 மணி நேரம்.

45 எங்கே, 166 எங்கே? செவிலியருக்கு 8 மணி நேரம் குறைந்தது உண்மை. மருத்துவருக்கு ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது. மருந்தாளுநருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இத்தகைய ஆறு துணை சுகாதார நிலையங்கள் சேர்ந்ததுதான் 30,000 பேருக்கான ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதால், மருந்தாளுநருக்கு மட்டும் மாதம் 84 மணி நேரம் கூடுதல். அது ஏறத்தாழ அரை ஆளின் வேலைநேரம். வேலை பகிரப்பட்டது பற்றிப் பேசும் எவரும் மருந்தாளுநரை நினைப்பதில்லை. எங்கள் மருந்தாளுநர் மாதத்தின் கடைசி வாரத்தில் புறநோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே, இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் பையில் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு முத்துலட்சுமிகளின் பைகள் மாறிவிடக் கூடாது என்பதற்காகக் கணவர் பெயரையும் தெருப் பெயரையும் எழுத வேண்டும். அந்த எழுத்துவேலைக்குப் பணியிடக் கணக்கில் இடமில்லை.

இந்தக் கூடுதல் நேரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இது வீண் என்ற முடிவுக்கு வர முடியாது. முன்பு 300 பேர் மாதந்தோறும் அரை நாளைச் செலவழித்தார்கள். நபருக்கு 4 மணி நேரம் என்றாலும் அது 1,200 மணி நேரம். இப்போது மாதம் 120 பேர் மட்டும் வருவதால் அது 480 ஆகிறது. ஊராருக்கு 720 மணி நேரம் மிச்சமாகிறது. நமக்கு 121 மணி நேரம் கூடுகிறது. நோயாளி தன் கூலியை இழந்து சம்பளமில்லாமல் செய்துவந்த போக்குவரத்து வேலையைச் சுகாதாரத் துறை தன் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டது நியாயம். ஏற்றுக்கொண்டபின் ஆளைக் கூட்டாமல் இருப்பதுதான் நியாயமற்றது.

இப்படிப் பணிநேரத்தை வைத்து ஆள்தேவையைக் கணக்கிடுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் முறையே ஒன்று இருக்கிறது. பீட்டர் ஷிப் என்பவர் வகுத்து 1998-இல் வெளிவந்த இம்முறை 2010-இல் திருத்தி எளிமையாக்கப்பட்டது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'விஸ்ன்' (WISN) என்கிறார்கள். ஒரு பணியாளர் ஆண்டில் உண்மையில் வேலை செய்யக் கிடைக்கும் நேரத்தை, விடுமுறை, விடுப்பு, பயிற்சி நாட்களைக் கழித்துக் காண்பது முதல் படி. ஒவ்வொரு பணியையும் முறையாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்பணியைச் செய்பவர்களோடு கலந்து முடிவுசெய்வது அடுத்தது. பிறகு கூட்டம், பதிவேடு, அறிக்கை போன்ற துணைப்பணிகளுக்கான பங்கைச் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒருவரின் நேரத்தில் நூற்றுக்கு 30 பங்கு துணைப்பணிகளுக்குப் போகிறது என்றால், நோயாளிகளுக்கான வேலைக்குத் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையோடு 30 விழுக்காட்டைக் கூட்டினால் போதாது. மீதமுள்ள 70-ஆல் வகுக்க வேண்டும். நோயாளிகளுக்கு 7 ஆட்களின் வேலை இருந்தால் 10 ஆட்கள் தேவை, 9 அல்ல. முடிவில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைத் தேவைப்படும் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விடை ஒன்றுக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, அவ்வளவுக்கு வேலைச்சுமை கடுமை. பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளில் போடலாம். பணிகளைப் பகிர்வதற்கு முன் ஒருமுறையும், பகிர்ந்து ஓராண்டு ஆனபின் ஒருமுறையும் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. நிலையம் முழுமைக்கும் ஒரே கணக்காகப் போட்டால் செவிலியரிடம் குறைந்த நேரம் மருந்தாளுநரிடம் கூடியதை மறைத்துவிடும்.

எதைப் பகிர்வது என்ற கேள்விக்கு வருகிறேன். அளத்தல், மருந்தைக் கொண்டுசேர்த்தல், மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தல், நினைவூட்டல் ஆகியவற்றைத் தயக்கமின்றிப் பகிரலாம். மாத்திரையை எண்ணும் வேலையை மருத்துவர் செய்யவே முடியாது. அட்டையைப் பார்த்து அழுத்தம் குறையவில்லையே என்று மருந்தைக் கூட்டத்தான் எங்களுக்குத் தெரியும். "அப்பத்தா, போன மாசத்து மாத்திரை அப்படியே கெடக்கே?" என்று கேட்டு, "தலை சுத்தலை தாயி, அதான் போடலை" என்ற பதிலை வாங்கி வர, அந்தத் தெருவிலேயே வாழும் ஒரு பெண்ணால்தான் முடியும். சிகிச்சையைத் தொடங்குவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் எங்கள் நிலையத்தில் மருத்துவரிடமே இருந்தன. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், பிரிவு 32-இல், சமுதாய சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க இடமளிக்கிறது என்பதையும் அறிவேன். எழுதப்பட்ட சிகிச்சை நெறிமுறையும், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கிடைக்கும் மருத்துவரும் இருக்குமானால், இடைநிலைப் பணியாளர் இரத்த அழுத்த மருந்தை ஒரு படி கூட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அந்த அதிகாரத்தைக் கொடுப்பது பொறுப்பைத் தள்ளிவிடுவதாகும்.

பகிர்ந்த வேலைக்கு எல்லைக்கோடு எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் தன்னார்வலர்களின் பையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி அளந்து, அப்போதும் குறையவில்லை என்றால் அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்வு இருந்தால் எதையும் அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தால் அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்ல வேண்டும். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான். தாள் ஒன்றுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை. அந்தத் தாளில் இன்னொன்றும் இருந்தது: எந்த நேரத்தில் யாரை அழைப்பது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்ற வரிசை. அழைப்பை எடுக்கவும் ஆள் தேவை என்பதால், அதுவும் நேரக்கணக்கில் சேர வேண்டிய வேலையே.

மேற்பார்வை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆள் குறையும்போது முதலில் கைவிடப்படுவது அதுதான். இடைநிலை சுகாதாரப் பணியாளரின் இடம் காலியாக இருந்த பகுதிகளில் தன்னார்வலர்கள் மாத்திரை கொண்டுபோவதை நிறுத்தவில்லை; எண்ணிக்கையும் குறையவில்லை. ஆனால் பதிவேட்டில் 130/80, 120/80 என்ற எண்கள் வரிசையாக நிற்கத் தொடங்கின. கருவி மின்னணுக் கருவி. எண்ணை அதுவே காட்டுகிறது. உண்மையாக அளந்த நூறு அளவீடுகளை எடுத்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறத்தாழ சமமாகப் பரவியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் சுழியத்தில் முடிந்தால், கருவி பையிலிருந்து வெளியே வரவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யப் பத்து நிமிடம் போதும். மேற்பார்வை செய்யும் எவரும் மாதம் ஒருமுறை செய்து பார்க்கலாம். ஆனால் கண்டுபிடித்ததும் கண்டிப்பதில் பயனில்லை. ஏன் அப்படி நடந்தது என்று கேட்டால், பட்டையின் ஒட்டும் பகுதி தேய்ந்துவிட்டது, மின்கலம் தீர்ந்து பல நாளாயிற்று, ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற இலக்கை அளந்துகொண்டே முடிக்க இயலாது என்ற பதில்கள் வரும். மூன்றும் மெய். மேற்பார்வையாளர் வாரத்தில் ஒரு காலைப்பொழுது கூடவே நடந்து போன இடங்களில், எவரையும் கடிந்துகொள்ளாமலேயே எண்கள் சீரடைந்தன.

தன்னார்வலர்களுக்குக் கிடைப்பது மாத மதிப்பூதியம், சம்பளம் அன்று. நூற்பாலையிலோ துணிக்கடையிலோ அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது, அவர்கள் போய்விடுவது இயல்பு. மேலே சொன்ன 2008-ஆம் ஆண்டுப் பரிந்துரையின் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது. ஒருவர் விலகினால் புதியவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பயிற்சி கொடுப்பவர் செவிலியர் அல்லது இடைநிலைப் பணியாளர். அந்த நேரமும் நோயாளிகளுக்கான நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. புதியவரை வீட்டுக்குள் விட ஊராரும் சில மாதம் தயங்குவார்கள். குறைந்த ஊதியத்தால் மிச்சப்படுத்திய பணத்தைப் பயிற்சிச் செலவில் இழக்கிறோம் என்பதை எந்த வரவுசெலவுத் தாளும் காட்டாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு தலைப்புகளில் எழுதப்படுகின்றன.

இவ்வளவும் சொன்னபின், பகிர்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளக் கூடாது. மூன்று நிமிடத்தில் அனுப்பிய நோயாளியை எட்டு நிமிடம் பார்க்க முடிந்ததால், பாதத்தில் உணர்விழந்து, செருப்பு நழுவுவதுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தவர்களைப் புண் வருவதற்கு முன்பே கண்டுகொள்ள முடிந்தது. படுக்கையிலேயே கிடந்தவர்களை வட்டார வாகனத்தில் சென்று பார்க்கும் வலிநிவாரணச் செவிலியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும், எந்த வீட்டில் யார் கிடக்கிறார் என்று சொல்லியவர்களும் இந்தத் தன்னார்வலர்களே. இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தொற்றாநோய்த் தடுப்புக்கான விருது கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. நல்ல திட்டம் என்பதாலேயே அதற்குரிய ஆட்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி இத்தகைய மாற்றத்தைத் தொடங்கும் நிலையங்களுக்கு விடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை பல கைகளுக்குப் பிரியும்போது ஒவ்வொரு கையும் சங்கிலியின் ஒரு கண்ணியாகிறது. முன்பு ஒரு செவிலியர் விடுப்பில் போனால் இன்னொரு செவிலியர் அழுத்தம் பார்ப்பார், இப்போது ஒரு தன்னார்வலர் வராவிட்டால் ஐந்தாறு தெருக்களுக்கு மாத்திரை போகாது. தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதமாக உயர்த்தப்பட்டது மிக நல்ல முடிவு. ஆனால் அந்த 12 மாதங்களுக்கு ஒரு கிராம சுகாதார செவிலியரின் வேலையை அடுத்த பகுதிச் செவிலியர் தன் வேலையோடு சேர்த்துப் பார்க்கிறார். பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் துறையில் இது எதிர்பாராத நிகழ்வு அன்று. ஆண்டுதோறும் இத்தனை பேர் விடுப்பில் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்கலாம், அதற்கேற்ற மாற்றுப் பணியிடங்களை வட்டார அளவில் கேட்கலாம். அது கிடைக்கும்வரை நாங்கள் செய்த ஏற்பாடு சிறியது. பக்கத்துப் பக்கத்துத் தன்னார்வலர்களை இரண்டிரண்டு பேராக இணைத்து, ஒருவருடைய பகுதியின் வீட்டுவரிசையை மற்றவருடைய குறிப்பேட்டிலும் எழுதவைத்தோம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், தனியாக வசிப்பவர்கள் பெயர்களின் கீழே சிவப்புக் கோடு. ஒருவர் வராத மாதத்தில் எல்லா வீட்டுக்கும் போக முடியாவிட்டாலும் சிவப்புக் கோடிட்ட வீடுகளுக்கு மற்றவர் போய்விட வேண்டும். மீதமுள்ளவர்களுக்கான பைகளைத் துணை சுகாதார நிலையத்தில் வைத்து, அவர்களையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஊர்த் தண்ணீர்த் தொட்டி இயக்குபவர் மூலமாகத் தகவல் அனுப்பினோம்.